சௌக்கத் அலி நின்ற கடைகள்

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மேற்குக் காற்று கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையை ராயபுரம் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவு வரை கொண்டுவந்திருந்தது.

ஜன்னத்தின் முக்காட்டுக்குள், யாரும் பார்க்க முடியாத இடத்தில், மயில்நீலக் கிளிப் ஒன்று இருந்தது. சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் எடை பார்க்கும் அவள் கணவர் சௌக்கத் அலி, மூன்று மாதமாகப் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் எதையாவது வாங்கி வந்தார்: கிளிப், கைக்கண்ணாடி, டீ வடிகட்டி, மறுபடியும் டீ வடிகட்டி. மணவாழ்வில் அதுவரை காணாத வழக்கம். காரணம் கேட்டால் நின்றுவிடுமோ என்று அவள் கேட்கவில்லை.

ஒரு மருத்துவ முகாமில் எடுத்த இ.சி.ஜி.தான் அவர்களை இங்கே அனுப்பியது. நடந்தால் நெஞ்சு இறுகி, நின்றால் விடுபவர்களுக்கு மாத்திரை மட்டும் போதுமா, ஸ்டென்டும் வேண்டுமா என்பது ஆய்வு. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். அவர் சேர வேண்டும் என்பது ஜன்னத்தின் வேண்டுதல். அவரது பேனாவோ ஒப்புதல் படிவத்தில் 'சம்மதமில்லை'யின் மேல் நின்றது.

“எனுக்குத்தான் வலியே இல்லியே, டாக்டரம்மா.”

வியாசர்பாடிக்காரரான டாக்டர் யசோதரா கேள்வியை மாற்றினார். “நடக்கசொல்ல எங்கியாவது நிப்பீங்களா, பாய்?”

ஜன்னத் பெருமையாகச் சிரித்தாள். “நிக்காம? கட கடயா நின்னு எனுக்கு வாங்கினு வருவாரு!”

யசோதரா சிரிக்கவில்லை. “நின்னா நெஞ்சு லேசாவுதா?”

சௌக்கத் அலி தரையைப் பார்த்தார். “ஆவுது. வலி இல்ல. இரும்புப் பட்டை போட்டு இறுக்குறாப்புல.”

ஜன்னத்தின் கை முக்காட்டுக்குப் போயிற்று. “அப்போ இந்தக் கிளிப்பு எனுக்கில்லியா? மூச்சு வாங்க நின்னதுக்குக் கடக்காரனுக்குக் குட்த்த வாடகையா?”

“நின்னது நெஞ்சுக்காவ. உனுக்கு எந்தக் கலரு எடுக்கும்னு பாத்துப் பாத்து வாங்கனது நானு.”

“வடிகட்டி ரெண்டு?”

“அந்த எடத்துல வேற கட இல்ல.”

யசோதரா கணினித் திரையை மிகுந்த அக்கறையுடன் பார்க்கத் தொடங்கினார்.

“ஏன் சொல்லல?”

“கிளிப்ப மாட்டிக்கினு கண்ணாடி முன்னால நின்னுகினு இருந்தியே. எப்புடிச் சொல்றது?”

ஜன்னத் கிளிப்பின் மேல் முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு, “இனிமே பஸ் ஸ்டாப்புக்கு நானே வரேன். நெஞ்சு புடிச்சா ரெண்டு பேரும் சும்மாவே நிப்போம். கடக்காரன் இன்னா வேணா நெனச்சிக்கட்டும்,” என்றாள்.

“குலுக்கல்ல எது வந்தாலும் நாங்க பாத்துக்குவோம், பாய். வேணாம்னா எப்பவும் விலகலாம். சேராட்டியும் வைத்தியம் உண்டு,” என்றார் யசோதரா.

சௌக்கத் அலி முதல் பக்கத்துக்குத் திரும்பினார். எடைச்சீட்டைச் சரிபார்ப்பதுபோல் வரி வரியாகப் படித்து, 'சம்மதம்' என்பதன் கீழ்க் கையெழுத்திட்டார். மருத்துவர் கை நீட்டினார். அவரோ, கடையில் வாங்கியதைத் தருவதுபோல், தாளை ஜன்னத்திடம் நீட்டினார்.

அவள் அதைப் பார்த்துவிட்டு யசோதராவிடம் கொடுத்தாள்.