தண்ணி இல்லாத தண்ணி

எங்கள் பட்டறையில் சாராயத்திலிருந்து தண்ணீரை எடுக்கிறோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் நாங்கள் சாராயத்தில் தண்ணீர் கலப்பதாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காய்ச்சி வடித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குவரை சுத்தமாக வரும். மீதித் தண்ணீர் உடும்புப் பிடியாக நிற்கும், எத்தனை தடவை காய்ச்சினாலும் போகாது. அதை விரட்ட, சூளையில் வறுத்த வெள்ளை மணிகள் அடைத்த குழாய்க்குள் சாராயத்தை விடுவோம். மணிகள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுச் சாராயத்தை விட்டுவிடும். என் தம்பி இதற்கு நேர் எதிர்.

அவனைத்தான் நான் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஜாடி நிரப்பும் வேலைக்குச் சேர்த்தேன்.

"ஏம்மா, குடியை விட்டவனுக்கு உலகத்துல வேற இடமே கிடைக்கலையா?" என்றார் முதலாளி.

"வேற எவனும் வேலை தரமாட்டேங்கிறான் சார்."

உண்மையைச் சொன்னதால் சேர்த்துக்கொண்டார். தம்பி மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருந்தாள். மாதம் முடியும்வரை அவன் ஒழுங்காக ஒரே வேலையில் நின்றால் திரும்பி வருவேன் என்பது அவள் பேச்சு. தினமும் சாயங்காலம் போன் செய்வாள், அவனுக்கு இல்லை, எனக்கு.

"அண்ணி, குடிச்சாரா?"

"இன்னைக்கு வரைக்கும் இல்ல."

இதுதான் எங்கள் உரையாடல். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

தம்பி என்றால் எனக்கு உயிர். நம்புவது வேறு விஷயம். அந்த வாரம் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய பெரிய ஜாடி அவன் பொறுப்பில் இருந்தது. கழுத்து நீண்ட கண்ணாடி ஜாடி, கழுத்தில் எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று ஒரு கோடு. அவன் டீ குடிக்கப் போனாலும் சரி, கை கழுவப் போனாலும் சரி, நான் ஓடிப்போய் மூடியைத் திறப்பேன். வீரியத்தை அளக்கும் கண்ணாடி மிதவையை உள்ளே விட்டு எண்ணைப் பார்ப்பேன். குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? நான் சுத்தக்காரி. ஒவ்வொரு தடவையும் மிதவையைக் குழாயடியில் நன்றாக அலசிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். எண் இறங்கவில்லை. சாராயமும் கோட்டுக்குக் கீழே போகவில்லை. நிம்மதியாக மூடிவிட்டு வருவேன், அடுத்த டீ வரைக்கும்.

ஜாடியை அனுப்பும் நாளில் முதலாளி கடைசிச் சோதனை செய்தார். மயில்துத்தத்தை வறுத்தால் நீலம் போய் வெள்ளைப் பொடியாகிவிடும். அதன்மேல் எங்கள் சரக்கை ஊற்றினால் வெள்ளையாகவே இருக்க வேண்டும். இம்மி தண்ணீர் இருந்தாலும் மறுபடி நீலம் வந்துவிடும். மிதவைக்குத் தெரியாதது பொடிக்குத் தெரியும்.

நீலம் வந்தது.

முதலாளி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். "தண்ணி போட்டியா?"

"இல்ல சார்."

"தண்ணி போட்டுட்டு, தண்ணி ஊத்தினியா?"

"ரெண்டும் இல்ல சார்."

"அடப்பாவி! உன் பொண்டாட்டிக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்? நாளன்னைக்குப் பிள்ளையோட வரேன்னு சொல்லியிருக்காளேடா!" என்று கத்தினேன். முதலாளி அவனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் கோபப்படவில்லை. ஜாடியின் கழுத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தான்.

"அக்கா, சரக்கு எங்க நிக்குது பாரு."

"கோட்டுக்கு மேல."

"நான் கோடு வரைக்கும்தான் நிரப்பினேன். குடிச்சுட்டு ஊத்துறவனும் கோடு வரைக்கும்தான் ஊத்துவான். ஒரு சொட்டு மேல போகாது. அப்பா பாட்டில்ல எத்தனை வருஷம் ஊத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

முதலாளியும் குனிந்து பார்த்தார். ஒரு விரற்கடை மேலே நின்றது. "அப்ப மேல ஏத்தினது யாரு?" என்று கேட்டார்.

எதற்கும் இன்னொரு தடவை அளந்துவிடலாம் என்று நான் குழாயடிக்குப் போய் மிதவையை அலசி எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். கை தானாகச் செய்த வேலை. இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, மிதவையைப் பார்த்தார்கள். அதிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் சூளையில் மணி வறுக்கிறவள். அங்கே கை ஈரமாக இருந்தால் மணிக் குழாயைத் தொடவே மாட்டேன். ஜாடிப் பக்கம் போகும்போது மட்டும் வேலை மறந்து அக்காவாகப் போயிருக்கிறேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா?" என்றார் முதலாளி.

"இவன் எத்தனை தடவை எழுந்து போனானோ அத்தனை தடவை சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சரக்கை மறுபடி மணிக்குள் விட்டு எடு என்று என்னிடம் சொன்னார். தம்பியிடம், "நாளைக்கு வா" என்றார். பிறகு என் கையிலிருந்த மிதவையை வாங்கித் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"சந்தேகமா இருந்தா என் வாயை மோந்து பாத்திருக்கலாமே அக்கா," என்றான் தம்பி. "அதுல ஈரம் பட்டா ஒண்ணும் ஆகாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா பாட்டிலைக்கூட நான் இப்படி அளந்ததில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணி, குடிச்சாரா?"

"குடிக்கல."

அவள் காத்திருந்தாள். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாததால் அவளே முடித்தாள்: "இன்னைக்கு வரைக்கும்?"

"நான் அப்படிச் சொல்லலையே," என்றேன். "எந்த பஸ்ல வரீங்கன்னு அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லு."