நாற்பது குரலும் சுஷ்மிதாவும்

நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் செய்யுள் சொன்னால், ஆலயமணிகள் யாவும் ஒருங்கே முழங்கினாற்போல் வசுமதி டீச்சருக்கு மெய் சிலிர்க்கும். திருப்போரூரில் அந்தப் பள்ளியின் நான்காம் வகுப்பு ஓதுவது தெருக்கோடி வரை கேட்கும். அந்தப் பேரொலியின் நடுவே ஒருத்தி மட்டும் இரு செவிகளையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் புகுந்துவிடுவாள். அவள் பெயர் சுஷ்மிதா. தமிழை அவமதிக்கிறாள் என்றே வசுமதி எண்ணியிருந்தாள். இருமுறை வெளியே நிறுத்தியும் வைத்தாள்.

"புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்," என்றார் தலைமையாசிரியர் சம்பத். "போன வருஷம் மாதிரி அந்தப் பொண்ணு அலறினா டீ.சி. எழுதிடுவேன். அவங்க அம்மாகிட்டயும் சொல்லியாச்சு."

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் ஆடி மாதம். திங்களன்று செய்யுளின் பாதியில் கரண்ட் போயிற்று. கடகடவென்று அரைத்துக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது. பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தி ஓய்ந்தார்கள். அந்த அமைதியில், விட்ட அடியிலிருந்து செய்யுளைத் தொடுத்துக்கொண்டு, பெஞ்சுக்கடியிலிருந்து மெல்லிய குரலொன்று எழுந்தது. வசுமதி குனிந்தாள். சுஷ்மிதாவின் கைகள் செவிகளை விட்டு இறங்கியிருந்தன. ஒரு சீரும் பிறழவில்லை, ஒரு மோனையும் நழுவவில்லை. பதினாறாம் அடி வரை முத்துக் கோத்தாற்போல் வந்தது.

'கந்தவேளே! தேனென்று நான் வார்த்ததா இந்தச் செவிகளில் வேலாய்ப் பாய்ந்தது?'

மாலையில் சுஷ்மிதாவின் தாய் ரூத்தைப் பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் வசுமதி.

"வூட்லயும் இப்டிதான் டீச்சர்," என்றாள் ரூத். "குக்கர் விசில் அட்ச்சா கட்டிலுக்கடியில பூந்துக்குவா. சட்டைக் காலர்ல துணிச் சீட்டு இருந்தா சொறிஞ்சிகினே இருப்பா. பேய் புட்ச்சிகீதுன்னு கூட சொன்னாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

"நமக்கு ஒண்ணாக் கேக்கறது அவளுக்குப் பத்தாக் கேக்குது, ரூத். அது அடம் இல்ல, வலி. நான்தான் இத்தன நாளாப் புரிஞ்சுக்கல."

மறுநாளே கதவோரத்து இடம் சுஷ்மிதாவுக்கு ஆயிற்று. மின்விசிறி ஓய்ந்தது, சன்னல்கள் திறந்தன. செய்யுளை எல்லாரும் தணிந்த குரலில் சொல்லவேண்டும். சுஷ்மிதாவுக்குத் தாங்கவில்லையென்றால், யாரையும் கேளாமல் தாழ்வாரத்துக்குப் போகலாம்.

"அவளுக்கு மட்டும் இன்னா டீச்சர், விஐபி பாஸா?" என்று எழுந்தாள் ஸ்வாதி.

"உன் மூக்குல கண்ணாடி இருக்கே, அவ எனக்கும் வேணும்னு கேட்டாளா?"

வகுப்பு கொல்லென்று சிரிக்க வாய் திறந்து, சட்டென்று நினைவுவந்து வாயைப் பொத்திக்கொண்டது. சுஷ்மிதாவும் சிரித்தாள்.

புதன்கிழமை. கல்வி அதிகாரி கிருபாகரன் வந்து நின்றார். பிள்ளைகள் மெல்லத் தொடங்கினர்.

"இன்னாப்பா, யாரும் நாஸ்தா துன்னலியா? சத்தமா சொல்லுங்க!"

மடை உடைந்தது. நாற்பது குரல்களும் கூரையை முட்டின. சுஷ்மிதா எழுந்தாள். ஆனால் அலறல் எழவில்லை. சிறுமி விடுவிடுவென்று தாழ்வாரத்துக்கு நடந்தாள்.

"யாரைக் கேட்டு வெளிய போறா?" அதிகாரியின் புருவம் உயர்ந்தது. சம்பத்தின் முகம் இருண்டது.

"நான் குடுத்த அனுமதி சார்," என்றாள் வசுமதி. "அதிக சத்தம் அவளுக்கு வலிக்கும். செய்யுள் முழுக்கத் தெரியும். கிட்டப் போய், மெதுவாக் கேட்டுப் பாருங்க."

அதிகாரி ஐயத்தோடு போய் அவளருகே குந்தினார். சுஷ்மிதா தூணைப் பார்த்தபடியே ஓதினாள். எட்டாம் அடி முடிந்ததும், சோதிக்க எண்ணி, அடுத்த அடியை அவர் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார்.

சிறுமியின் முகம் சுளித்தது. "அப்டி இல்ல சார், தப்பு. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

அதிகாரி வெடித்துச் சிரிக்கப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டு, கிசுகிசுத்த குரலில் முதலடியிலிருந்து தொடங்கினார். ஐந்தாம் அடியில் மெய்யாகவே தடுமாறினார். சுஷ்மிதா எடுத்துக் கொடுத்தாள்.

"டீ.சி. பேச்சே இனி இல்ல டீச்சர்," என்று சம்பத் வசுமதியின் காதோடு சொன்னார். "அந்தக் கதவோரம் அடுத்த வருஷமும் அவளுக்குத்தான்."

அதற்குமேல் வசுமதியால் நிற்க முடியவில்லை. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் காத்திருந்த ரூத், அவள் ஓடிவரும் வேகம் கண்டு எதிரே ஓடிவந்தாள்.

"இன்னா டீச்சர், ரிஜிஸ்டர்ல பேர அடிச்சிட்டாங்களா?"

"அடிக்கறதா! அதிகாரியையே ஃபெயிலாக்கிட்டா உங்க பொண்ணு!"