டி டிரைவ்

குடும்பத்தில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் புலியைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டார் வைத்த பட்டப்பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அன்றைக்கு அக்கா கூப்பிட்டது மாமாவின் லேப்டாப்புக்காக.

அக்கா வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஹாரனே தேவைப்படாத தொண்டை. அதில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்து, மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டுவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடிக்கொண்டு, மனுஷன் நாள் கணக்கில் உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தார். அதை வைத்து, டைப் செய்ததை அதே குரலில் பேசிக்காட்டும் மென்பொருள் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில்தான் ஓடும். ஆகவே விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸுக்கும் டிஸ்க்கில் இடம் ஒதுக்க வேண்டும்.

"மாமா ரெக்கார்டிங் எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிட்டியாக்கா?"

"அதெல்லாம் நேத்தே வச்சாச்சு. நீ வேலையைப் பாரு."

எங்கே வைத்தாய் என்று புலி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், மடையன். டி டிரைவ் ஏறக்குறைய காலியாகத்தான் தெரிந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அழித்தான், ஃபார்மட் செய்தான், லினக்ஸை ஏற்றினான். விசில் வேறு அடித்துக்கொண்டான்.

"முடிஞ்சுது. ரெக்கார்டிங் வச்ச பென் டிரைவைக் கொடு."

"எந்தப் பென் டிரைவ்? உள்ளேதான்டா இருக்கு. சி-ல ஏதாவது ஆயிடுமோன்னுதான் எல்லாத்தையும் டி-க்கு மாத்திட்டேன். அது தனி டிஸ்க்குதானே?"

ஒரே டிஸ்க்கைத் தடுத்துப் பிரித்ததில் ஒரு பகுதிதான் அது.

"காப்பி எடுத்தியா, மாத்தினியா?"

"மாத்தினேன். ஒண்ணையே ரெண்டு இடத்துல எதுக்கு வைக்கணும்?"

அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டினான். கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் திரும்பி வந்தபோது அக்கா அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஒவ்வொன்றாகத் திறந்தான். எல்லாவற்றிலும் வெறும் இரைச்சல். மாமா பேசிய இடத்தின் மேல்தான் லினக்ஸ் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஏன்டா பேசாம இருக்கே?" என்றாள் அக்கா. அவன் கடைசிக் கோப்பை மறுபடி திறந்தான்; இரைச்சல்தான். அவளுக்கும் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இரைச்சல் கேட்டு மாமா உள்ளே வந்தார். பேசிப் பார்க்கும் ஆசையில் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். 'ரெடியா?' என்று கையால் கேட்டார்.

"போயிடுச்சு மாமா. எல்லாம் போயிடுச்சு. நான்தான் அழிச்சிட்டேன்."

மாமாவின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. திட்டுவதற்காக வாயை அகலத் திறந்தார். புலி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

கழுத்துத் துளை வழியாகக் காற்று மட்டும் வந்தது.