ஓடிலோனின் பக்கம்

"வெண்ணெயத் தடவினியா, சும்மா காட்டினியா?" என்று ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் ஓடிலோன். அவன் மனைவி லெயோனி அதைப் பிடுங்கி இன்னொரு தரம் தடவிக் கொடுத்தாள். தின்றுகொண்டே வேலைக்குக் கிளம்பியவன்தான். பெல்ஜியத்தின் கெண்ட் துறைமுகத்தில் பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து, பருத்திப் பொதி அவன் மேல் விழுந்தது. மதியத்துக்குள் உடலைத் தூக்கி வந்துவிட்டார்கள்.

அவனும் தம்பி கமீலும் ஒரே படகில் துடுப்புப் போடுகிறவர்கள். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு துடுப்பு. கமீலுக்குப் பின்னால் ஓடிலோன். ஐரோப்பிய நாடுகளுக்கான படகுப் போட்டி தொடங்கிய புதிது. அந்த வருஷம் ஓஸ்டெண்டில் நடக்க இருந்தது. அண்ணனும் தம்பியும் போவதாகப் பேச்சு. அந்தப் படகு அங்கே ஓடுவதைப் பார்த்துவிடவேண்டும் என்பது ஒன்றுதான் லெயோனிக்கு மிஞ்சிய ஆசை.

ஓடிலோனின் இடத்தில் ஃபிர்மினைப் படகுச் சங்கத்தார் உட்காரவைத்தார்கள். பீர் கிடங்கில் பீப்பாய் உருட்டும் நெட்டையன், வாய் நீளம். பயிற்சியில் படகு நேராகப் போக மறுத்தது. ஃபிர்மினின் இழுப்பு பலமாக இருந்ததால் கமீலின் பக்கமே திரும்பித் திரும்பிப் போயிற்று. சுக்கானை எதிர்ப்பக்கம் பிடித்தால் வேகம் செத்தது. முன்பெல்லாம் தனக்கு வேலையே இருக்காது என்று அலுத்துக்கொண்டான் சுக்கான் பிடிப்பவன்.

"காலைல ஏதாவது சாப்பிட்டு வா கமீல். உன்ன வச்சு ராட்டினம் சுத்துறேன் நான்" என்றான் ஃபிர்மின்.

கமீலுக்கு வேறொன்று உறுத்தியது. மதுக்கடை மேஜையில் கை மடக்கிப் பலம் பார்க்கும்போதெல்லாம் இந்த ஃபிர்மினை ஓடிலோன் சாய்த்திருக்கிறான். அப்படியானால் ஓடிலோனோடு போனபோது படகு எப்படி நேராகப் போயிற்று?

அன்று மாலை அண்ணி வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"இத்தன வருஷமும் அண்ணன் பலத்த அடக்கிகிட்டுத்தான் என்கூட வந்திருக்கான், அண்ணி. சுமந்திருக்கான் என்னை. நான் ஓஸ்டெண்டுக்குப் போகல."

லெயோனி உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. எட்டுப் பேர் படகுக்கு ஓடிலோனைக் கூப்பிட்டார்கள், அவன் மறுத்துவிட்டான் என்பதைச் சொன்னாள். கமீலுக்கு அது தெரியாது.

"ஏன்டா மாட்டேன்னு சொன்னேன்னு நானே திட்டினேன் அவன. அந்தப் படகுல எவன் முதுகோ தெரியும், இதுல என் தம்பி முதுகு தெரியுதுன்னான். சுமக்கறவன் பேசற பேச்சா அது?"

கமீல் நாற்காலியில் உட்கார்ந்தான். தொப்பியை மேஜைமேல் வைத்தான். பிறகு இன்னொரு கத்தியை எடுத்து அவளோடு சேர்ந்து சீவத் தொடங்கினான்.

ஆனால் ஃபிர்மினிடம் போய்க் குறைத்து இழு என்று கேட்க அவனுக்கு நா எழவில்லை. மறுநாள் லெயோனியே படகுக் கொட்டகைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஃபிர்மின் கேலி பேசவில்லை. எவ்வளவு குறைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? அவன் முதுகப் பாரு. அது போற வேகத்துல போ."

ஓஸ்டெண்டில் கரை நிறையக் கூட்டம். வெளிநாட்டுக் கொடிகளுக்கிடையே லெயோனி எட்டிப் பார்த்தாள். படகு கோடு போட்டதுபோல வந்தது. சுக்கான் கயிறு தொய்ந்து கிடந்தது. மூன்றாவதாக வந்தார்கள். கமீல் துடுப்பின்மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கினான். ஃபிர்மின் முன்னால் சாய்ந்து அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

அவர்கள் இறங்குவதற்காக லெயோனி படகைப் பிடித்துக்கொண்டாள். ஃபிர்மினின் இடத்தில் கால் உதைக்கும் பலகை கண்ணில் பட்டது. அந்த நெட்டையன் காலை முழுதாக நீட்டி இழுக்கவேண்டுமானால் அதை இரண்டு துளையாவது தள்ளி மாட்டியிருக்கவேண்டும். அது ஓடிலோன் மாட்டிய துளையிலேயே இருந்தது.