பாறைக்குழிக் கடல்

உப்பு முட்டிக்குள் கையை விட்டுத் துழாவிய அம்மாக்கண்ணு, விரலில் ஒட்டிவந்த நாலு பரலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் அந்த ஒற்றைக் காம்பராவில் இருப்பது அவள், புருஷன் மூக்கன், மகள் நாகலெட்சுமி, அவ்வளவுதான். மூன்று பேர் தின்னும் சோற்றுக்கு இவ்வளவு உப்பு எங்கே போகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. அட்டைக்காக எடுத்துப் போனேன் என்றாள் நாகலெட்சுமி, மடித்த கம்பளியையே பிரித்து மறுபடி மடித்தபடி. ஆத்துமலையில் அட்டைத் தொல்லை தாங்க முடியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள். மழை விட்டு எத்தனையோ நாளாகிறது, அட்டையெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன என்பது தோட்டத்தில் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பொய் சொல்லவும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பாவம், அவளுக்கு அது போதாது.

கொழுந்தெடுக்கும் பெண்கள் உப்பைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். அட்டை கடித்த இடத்தில் அந்த முடிச்சை நனைத்து ஒற்றினால் போதும், சுருண்டு விழுந்துவிடும். போன மழைக்காலத்தில் நாகலெட்சுமியின் முடிச்சு ஆற்றில் விழுந்தது. ஆத்துமலைத் தேயிலை சரிந்து இறங்கி முடியும் இடத்தில், பாறைகளுக்கு நடுவே ஆழமான மடு ஒன்று உண்டு. அங்கே கால் கழுவக் குனிந்தபோது முடிச்சு நழுவிவிட்டது. போனால் போகட்டும் என்று நிமிர்ந்தவளுக்கு முன்னால், தண்ணீரிலிருந்து ஒரு கை மேலே வந்தது. விரல்களுக்கிடையே மெல்லிய தோல். கையில் அவளுடைய துணி, ஒரு பரல்கூட மிச்சமில்லாமல் சப்பப்பட்டு. கையைத் தொடர்ந்து ஒரு தலை வந்தது.

“இன்னும் இருக்கா புள்ள?” என்று கேட்டது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கூட வந்த பெண்கள் ஓடிவந்திருப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், அவளும் பிழைத்திருப்பாள். என்ன செய்வது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அழகன் என்று பேர் வைத்ததும் அவள்தான். பார்க்கப்போனால் அப்படியொன்றும் அழகில்லை. இடுப்புக்கு மேலே அவள் வயதுப் பையன், காதுக்குக் கீழே இருபுறமும் செவுள். இடுப்புக்குக் கீழே விலாங்கின் நீண்ட வால், பால் விடாத தேநீரான சாயத்தண்ணீரின் நிறத்தில். துணி துவைக்க வரும் பெண்களிடம் ஒளிந்திருந்து கேட்டே தமிழ் கற்றிருந்தான். அதனால் அவன் பேச்சில் ‘அடி ஆத்தே’யும் ‘போடி இவளே’யும் தாராளமாக வந்து விழும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிடுவாள். லயத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவன் பிறந்தது கடலில். விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போதே அவன் கூட்டத்தார் ஆற்றில் ஏறிவிடுவார்களாம். நல்ல தண்ணீரில் வளர்ந்து, உடம்பு முற்றியதும் ஒருநாள் திரும்பக் கடலுக்கு இறங்குவார்கள். இறங்கியவர்கள் மேலே வருவது கிடையாது. முதலில் இறங்கிப் போன பெரியவர்கள் அவனுக்கு ஒன்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். கால் உள்ளவர்களுக்கு முகம் காட்டாதே, காட்டினால் பிடித்துத் தின்பார்கள். தின்னாமல் விட்டால் அது இன்னும் கெடுதல். அந்த இரண்டாவது கெடுதல் என்னவென்று நாகலெட்சுமியைப் பார்த்த பிறகுதான் தனக்குப் புரிந்தது என்றான். அவளுக்கும் புரிந்தது. கொழுந்துக் கறை ஏறி வெடித்த அவள் விரல்களை அவன் தன் குளிர்ந்த கைக்குள் வாங்கி வைத்துக்கொள்வான். எரிச்சல் அடங்கும்வரை விடமாட்டான். அவள் விரலைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. அவனிடம் அவள் மனசைக் கொடுத்தது அந்த நேரத்தில்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கொட்டகலையில் தாய்மாமன் மகன் கந்தப்பன் அவளுக்காகக் காத்திருந்தான். வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்தை எப்படியாவது தள்ளிப்போடலாம் என்று அவள் நினைத்தாள். அவளைப் பயமுறுத்தியது கடல்தான். என்றைக்கோ ஒருநாள் அது இவனைக் கூப்பிடும், இவன் போய்விடுவான். மடுவில் மிதந்துகொண்டே அவன் சில வேளை கிழக்கா மேற்கா என்று தெரியாத ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். என்ன என்று கேட்டால், வாயில் உப்புக்கரிக்கிற நினைப்பு வருகிறது என்பான்.

அங்கேதான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள். லயத்தில் எதைக் கெடாமல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றாலும் உப்பில்தான் போடுவார்கள். மீன் கருவாடாவதும், கறி உப்புக்கண்டமாக அடுப்புக்கு மேலே தொங்குவதும், மாங்காய் வருஷம் முழுக்க ஜாடியில் கிடப்பதும் உப்பினால்தானே. கடலில் வேறென்ன இருக்கிறது, உப்புத்தானே, அதை இங்கேயே கொடுத்துவிட்டால் இவன் எதற்காகப் போக வேண்டும்? மடுவின் ஓரத்தில், ஆள் படுக்கிற அளவுக்குப் பாறையில் ஒரு குழி இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி உப்பைக் கரைத்தாள். அட்டை முடிச்சில் மிச்சம் பிடித்தது, வீட்டு முட்டியில் எடுத்தது, எல்லாம் அதற்குள் போயிற்று. கடைவீதியில் ஜமால்தீன் நானா, கருவாடு போடுகிறீர்களா மகள் என்று கேட்டுக்கொண்டே நிறுத்துக் கொடுத்த உப்பும் போயிற்று. அழகன் அந்தக் குழியில் கழுத்துவரை மூழ்கிக் கண்ணை மூடிக் கிடப்பான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி தெரியும். அதைப் பார்க்கத்தான் அவள் காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக மலைக்கு வருவாள்.

மாசி பிறக்குமுன் அவன் மாறத் தொடங்கினான். முதலில் சாப்பாடு நின்றது. அவள் கொண்டுவந்த ரொட்டியை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். வாலின் சாய நிறம் போய் வெள்ளி ஏறியது. கண்கள் நாளுக்கு நாள் பெரிதாகிக் கறுத்தன, பகல் வெளிச்சம் அவனுக்குக் கூசியது. சீக்கு என்று பயந்து அவள் இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டாள். அன்றைக்குத்தான் அவன் சொன்னான்.

“கடல் வந்துருச்சுன்னு ஒடம்பு நெனச்சிருச்சு புள்ள. இல்ல, இது குழின்னு நான் சொல்றேன். அது கேக்க மாட்டேங்குது.”

உப்புப் போடாமல் சும்மா விட்டிருந்தால் அவளுக்கு நரை விழும்வரைகூட அவன் அந்த மடுவில் இருந்திருப்பான். அந்தக் கூட்டத்தாருக்கு முற்ற அவ்வளவு காலமாகும். இப்போது வயிறு மூடிக்கொண்டது, இனி கடலுக்குப் போனால்தான் உயிர். அவள் பாறையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவன் அவளைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மழை வந்து ஆறு பெருகட்டும், பெருக்கோடு இறங்கிப் போகிறேன், அதுவரை தாங்குவேன் என்றான். மழைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. அந்த நாட்களாவது கிடைத்ததே என்று இருவரும் மனசைத் தேற்றிக்கொண்டார்கள்.

அந்த வாரம் மூக்கன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து வரும்போதே உற்சாகமாக வந்தான். கீழே ஆற்றை மறித்துக் கரண்டுக்காகக் கட்டிக்கொண்டிருந்த அணை முடிந்துவிட்டதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர்கள் வந்து கதவை இறக்கப் போகிறார்களாம், வேடிக்கை பார்க்கப் போகத் துரை லொறி தருகிறாராம். அதற்கப்புறம் சொட்டுத் தண்ணீர் கீழே போகாது என்று பெருமையாகச் சொன்னான், தானே கட்டியது போல. நாகலெட்சுமி பாதிச் சோற்றில் கையைக் கழுவினாள். கதவு இறங்கிவிட்டால் கடலுக்கு வழி கிடையாது. மழைக்குக் காத்திருக்க முடியாது. இதை அழகனிடம் உடனே சொல்லியாக வேண்டும். அவளுக்குள் ஒருத்தி, சொல்லாதே, மூடட்டும், இங்கேயே இருக்கட்டும் என்றாள். அந்த ஒருத்தியோடு விடிய விடியச் சண்டை போட்டுவிட்டு, மறுநாள் முதல் வேலையாக மடுவுக்கு ஓடினாள்.

பின்னாலேயே அம்மாக்கண்ணு வந்தாள். உப்பு எந்தப் பயலுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து, அவனை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்பதாகத்தான் அவள் வந்தது. மகள் பாறைக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தலை. தலைக்குக் கீழே செவுள் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அணைச் செய்தியை மகள் இன்னும் சொல்லவில்லை, சொல்ல அம்மாக்கண்ணு விடவுமில்லை. கையைப் பிடித்து எழுப்பி இழுத்துக்கொண்டு நடந்தாள். தேயிலைக்கு நடுவே பாதி வழி ஏறியதும் அம்மாக்கண்ணு திரும்பி நின்றாள்.

“எந்தச் சாதிக்காரனா இருந்தாலும் ஒங்கப்பன் கால்ல விழுந்தாவது பேசியிருப்பேன்டி. இதுக்கு நான் யாருகிட்ட போயி என்னன்னு சொல்லுவேன்?”

அன்றைக்கே கங்காணி பொன்னையாவிடம் சொல்லி, மகளை உச்சி மலை வேலைக்கு மாற்றிக்கொண்டாள். காலைப் பெரட்டுக்கு அவளே கூட நடந்தாள், மாலையில் கொழுந்து நிறுவை முடிந்து கூடவே அழைத்து வந்தாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவனிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், அணை மூடுகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று மகள் கெஞ்சினாள். அப்புறம் கந்தப்பனைக் கட்டிக்கொள்கிறேன், எங்கே சொன்னாலும் போகிறேன் என்றாள். அம்மாக்கண்ணு அசையவில்லை. தண்ணீரில் கிடப்பது தண்ணீரின் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றாள். மகளைக் கரையேற்றுகிறோம் என்றுதான் அந்தத் தாய் நினைத்தாள்.

சனிக்கிழமை மாலை நிறுவைக்கு வரிசை நீளமாக நின்றது. தாயும் மகளும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றார்கள். தன் முறை வந்து அம்மாக்கண்ணு தராசுப் பக்கம் திரும்பினாள். நாகலெட்சுமி நிறைந்த கூடையை நின்ற இடத்தில் அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் பாய்ந்தாள். நிறுக்காத கொழுந்துக்கு அன்றைய பேர் கிடையாது, கூலியும் கிடையாது, தெரிந்துதான் ஓடினாள். தேயிலை வாது முழங்காலைக் கிழித்தது அவளுக்குத் தெரியவில்லை.

மடு பாதியாக வற்றியிருந்தது. அவன் அங்கேதான் இருந்தான். கூப்பிட்ட குரல் கேட்டுத் தலையைத் தூக்கினான். அந்திவெயில் பட்டதும் கண்ணை இறுக்கிக்கொண்டான். அவள் தன் கையால் அவன் கண்களை மூடிக்கொண்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக் காலையில் கதவு இறங்குகிறது, இப்போதே போக வேண்டும். அணை எவ்வளவு தூரம் என்று கேட்டான். அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ரோட்டு வழியாக லொறியில் போயிருக்கிறாள், ஆற்று வழியை அவள் கண்டாளா? தண்ணீர் வற்றத் தொடங்கியபோதே போயிருக்கலாமே, ஏன் இருந்தாய் என்று அடித்தொண்டையில் கத்தினாள்.

“சொல்லாம எப்படிப் போறது?” என்றான்.

அவள் அவன் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். குளிர்ந்த அந்த நெற்றி அன்றைக்குச் சுட்டது.

“போன்னு சொல்லு புள்ள, போயிர்றேன். இருன்னு மட்டும் சொல்லிராத. சொன்னா இருந்துருவேன்.”

உலகத்திலேயே அவளுக்குச் சொல்ல ஆசையாக இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை விழுங்கிவிட்டுப் போ என்றாள். அவன் போனான். மடு முடிகிற இடத்தில் தண்ணீர் கணுக்காலளவுகூட இல்லை. வயிற்றைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, கையை ஊன்றி ஊன்றித்தான் நகர முடிந்தது. கொஞ்சம் ஆழம் வந்ததும் மூழ்கினான். அப்புறம் மறுபடி கல். மறுபடி ஊன்றி நகர்ந்தான். இந்த வேகத்தில் விடியுமுன் போய்ச் சேருவானா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. ஆற்று வளைவில் வால் மட்டும் வெள்ளியாகத் தெரிந்தது, பிறகு அதுவும் மறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டமே லொறியில் ஏறியது. அணைக்குப் பக்கத்தில் கொடிகள், மேளம், பந்தல். யார் யாரோ சிங்களத்திலும் இங்கிலீஷிலும் பேசினார்கள், சனங்கள் கைதட்டும்போதெல்லாம் மூக்கனும் தட்டினான். சங்கு ஊதிக் கதவு இறங்கியது. எல்லோரும் மேல்பக்கம் தண்ணீர் ஏறுவதைப் பார்க்க, நாகலெட்சுமி மட்டும் கீழ்ப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடைகளெல்லாம் சேர்ந்து அங்கே இரைந்து ஓடிக்கொண்டிருந்த ஆறு மெலிந்தது, பிறகு நூலாயிற்று. பாறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. அவற்றுக்கிடையே மீன்கள் துள்ளுவதை முதலில் கண்ட பையன்கள் கூச்சல் போட்டு இறங்கினார்கள். துண்டும் கூடையுமாகப் பெரியவர்களும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆற்றுக்குள் திருவிழாக் கூட்டம்.

கதவைத் தாண்டிவிட்டவன் இந்த வற்றலில் சிக்கிக்கொண்டானோ என்று அவளும் இறங்கினாள். ஒவ்வொரு குட்டையாகக் குனிந்து பார்த்தாள். காணாதபோதெல்லாம் உயிர் வந்தது. அடுத்த குட்டைக்குப் போகும்போது போயிற்று. சற்றுக் கீழே யாரோ பெரிய விலாங்கு, பெரிய விலாங்கு என்று கத்த, கழிகளோடு ஒரு கூட்டம் வளைத்துக்கொண்டது. அவள் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கை பருமனில் ஒரு விலாங்கு சேற்றில் நெளிந்துகொண்டிருந்தது. வெறும் விலாங்குதான். அவள் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கன் துண்டில் மீனை முடிந்துகொண்டு, இரண்டு நாளைக்குக் குழம்புக்கு ஆகும் புள்ள என்று தூரத்திலிருந்து காட்டினான்.

கரையில் அம்மாக்கண்ணு நின்றிருந்தாள். மகளுடைய முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பிறகு சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, வழுக்கும் கல்லில் கையை ஊன்றி ஊன்றி இறங்கி வந்தாள். மகளுக்கு அருகே இருந்த குட்டையில் குனிந்து, கலங்கிய தண்ணீரைக் கையால் விலக்கினாள். மீன்கள் காலில் முட்டின, அவள் ஒன்றையும் பிடிக்கவில்லை.

“நீ அந்தப் பக்கம் பாரு,” என்றாள், நிமிராமல். “இங்கிட்டு நான் பாக்குறேன்.”

நாகலெட்சுமி எழுந்து அடுத்த பாறைக்குத் தாண்டினாள். அதன் அடியில் இருட்டாக ஒரு பொந்து இருந்தது, வடியாத தண்ணீர் அதற்குள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கன்னம் ஈரக்கல்லில் படும்படி படுத்து, கையை உள்ளே விட்டாள். முழங்கை போயிற்று, தோள்வரை போயிற்று. விரலுக்கு அடி தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் எக்கினாள்.