கல்லுக்குச் சர்க்கரை

டீயில் சர்க்கரை போட்டுக் குடித்ததற்காக என் கணவரைக் காலையில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். போன வாரம்தான் டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்தார். ஆய்வகத்தில் மட்டும் சும்மா இருப்பாரா? போன கையோடு, வேலைக்கென்று அங்கே வைத்திருக்கும் சர்க்கரை டப்பாவையும் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகம். கடலடியிலிருந்து வரும் கரிய உருண்டைக் கற்களை அவர் அரைப்பார். அந்தப் பொடியை நான் அமிலத்தில் கரைத்து மாங்கனீசைப் பிரிப்பேன்.

அன்று பொடி கரையவே இல்லை. அமிலத்தைக் கூட்டினேன், சூட்டைக் கூட்டினேன். கருமை அப்படியே நின்றது.

"என்னத்த அரைச்சீங்க? ஒழுங்கா அரைச்சிருந்தா இந்நேரம் கரைஞ்சிருக்கும்!"

அவர் மிச்சமிருந்த பொடியைக் கையுறை விரலில் தேய்த்துக் காட்டினார். "மாவு மாதிரி இருக்கு. நீ சர்க்கரை போட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. வெறும் அமிலத்துக்கு மாங்கனீசு மசியாது; சர்க்கரை சேர்ந்தால்தான் இளகும். தினமும் செய்கிற வேலை, கோபத்தில் மறந்திருக்கிறேன். பூட்டைத் திறந்து அளந்து போட்டேன். நுரை பொங்கியது. கருமை மெல்ல வெளுக்கத் தொடங்கியது.

"கொடுத்து வச்ச கல்லு," என்றார் அவர். "அதுக்கு மட்டும் சர்க்கரை."

"எத்தனையோ லட்சம் வருஷம் கடலுக்கடியில கெட்டியா கெடந்துச்சு. சர்க்கரை போட்டதும் என்ன ஆவுது, நீங்களே பாருங்க."

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை அவரே அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார்.