ஆறு குழாய்கள்

மூன்றாம் நாளும் மழை விட்டபாடில்லை. மதியம் கொஞ்சம் தூறலானதும் கொத்தனார் சங்கிலி எழுமலை ஊரிலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். பாதி எழும்பி நின்ற வீட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய், தடுப்புச் சுவரின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தார். தமிழ்வாணி குடையோடு பக்கத்தில் நின்றாள்.

“என்னண்ணே?”

“சுவரு வயிறு தள்ளிருக்கு, தமிழு.”

மலையடிவாரச் சரிவில் நாலே முக்கால் சென்ட். இந்தப் பள்ளத்தில் வீடா என்று சிரித்தவர்கள் உண்டு. சமமாக இருந்திருந்தால் அவள் கையிலிருந்த காசுக்கு அது கிடைத்திருக்குமா? அவள் வம்சத்தில் தன் பேரில் ஒரு பட்டாவைக் கையில் வாங்கிய முதல் ஆள் அவள்தான். புருஷன் அருண்பாண்டி ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருந்தான்; மாதம் ஒருமுறை வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை போக, கட்டடம் முழுக்க அவள் தலையில்தான். பின்பக்கம் ஏழடிக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, உள்ளே கிராவல் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீடு ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. சுவர் சரிந்தால் மண் சரியும், வீடும் கூடவே போகும். எல்லாவற்றுக்கும் முன்னால், சுவரை ஒட்டிக் கீழே இருக்கும் ராமக்காளின் மாட்டுத் தொழுவம் போகும்.

“மண்ணுல ஊறுற தண்ணி வெளியேற சுவத்துல ஆறு குழாய் வச்சேனே. இந்த மழைக்குக் குபுகுபுன்னு கொட்டணுமே. ஒண்ணுலயும் சொட்டுக்கூட வரலையே.”

தமிழ்வாணி குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நாந்தாண்ணே அடைச்சேன்.”

சுவர் முடிந்த அன்று ராமக்காள் கீழே இடுப்பில் கை வைத்து நின்று, “உங்க வீட்டுத் தண்ணி எங்க தொழுவத்துல விழுகத்தான் இம்புட்டு ஓட்டையா?” என்று கேட்டாள். ஒரு சொட்டு விழாது என்று இவள் சட்டென்று வாயை விட்டுவிட்டாள். அந்தத் தொழுவத்து வாசலில்தான் தமிழ்வாணியின் அம்மா, ராமக்காள் வீட்டுக் காட்டில் களையெடுத்துவிட்டு வந்து, குனிந்து இரண்டு கையையும் குவித்து நிற்பாள். மேலேயிருந்து செம்பில் தண்ணீர் ஊற்றுவார்கள். கையிடுக்கில் ஒழுகியது போக மிச்சத்தை அம்மா குடிப்பதைச் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அதே வாசலில் தன் வீட்டுத் தண்ணீர் விழுந்து, அதற்கு ஒரு பேச்சு வாங்குவதா? மண் கொட்டுவதற்கு முன், சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, மிச்சமிருந்த சிமெண்டைக் குழைத்து உள்பக்கமாக ஆறு குழாய்களையும் அடைத்தாள். அன்றைக்கு அது பெரிய ரோஷமாகத் தெரிந்தது.

சங்கிலி திட்டவில்லை; எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

“மேல இருந்து தோண்டுனா மண்ணு மொத்தமா இறங்கிரும். கீழ நின்னு குழாய்க்குள்ள கடப்பாரைய விட்டுத்தான் உடைக்கணும். வா.”

சந்து சுற்றி ஓடினார்கள். மணி நாலு. ராமக்காள் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள். அம்மா அவளைத் தாயி என்பாள். தமிழ்வாணி இத்தனை வருஷமும் எந்த முறையும் வைத்துக் கூப்பிடாமல், ‘இந்தாங்க’, ‘கேட்டீங்களா’ என்றே காலத்தை ஓட்டிவிட்டாள். இப்போது தொண்டை கிழியக் கத்தினாள்.

“அக்கா! வெளிய வாங்க! மாட்டை அவுத்து விடுங்க! சுவரு தள்ளுது!”

கறந்த கை நின்றது. “யாருக்கு யாருடி அக்கா?” என்று திரும்பியவள் சுவரைப் பார்த்தாள். இரண்டு மாடுகளையும் அவிழ்த்து வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சங்கிலியின் கையிலிருந்த கடப்பாரையைத் தமிழ்வாணி பிடுங்கினாள்.

“பைத்தியமா உனக்கு? சரிஞ்சா உம்மேலதான் விழுகும்.”

“எம்புட்டு ஆழத்துக்கு அடைச்சேன்னு எனக்குத்தாண்ணே தெரியும். நகருங்க.”

முதல் குழாய் நாலாவது குத்தில் திறந்தது. செந்நிறத் தண்ணீர் பீறிட்டு அவள் நெஞ்சில் அடித்தது. இரண்டு, மூன்று, நாலு. கை எரிந்தது. ஐந்தாவதும் திறந்தபோது தொழுவம் முழுக்கச் சேறு. பால் செம்பு கவிழ்ந்து வைக்கோலோடு மிதந்தது. ஆறாவது, சுவர் வயிறு தள்ளிய இடத்திலேயே இருந்தது. எத்தனை குத்தியும் அது அசையவில்லை. மேலே எங்கோ ஒரு கல் நறநறத்தது.

“ஒரு சொட்டு விழாதுன்ன,” என்றாள் ராமக்காள் மரத்தடியிலிருந்து.

தமிழ்வாணி திரும்பினாள். முகமெல்லாம் செம்மண். “விழும்க்கா. இனிமே எப்ப மழை பெஞ்சாலும் இங்கதான் விழும்.”

ராமக்காள் மாட்டுக் கயிறுகளை மரத்தில் இறுக்கிக் கட்டினாள்.

“போதும், வெளிய வா தமிழு,” என்று சங்கிலி கெஞ்சினார். அவள் கடப்பாரையை மறுபடியும் ஆறாவது குழாய்க்குள் விட்டாள். பின்னால் தகரம் உரசும் சத்தம் கேட்டது. ராமக்காள் தொழுவத்துத் தகரக் கூரையில் செருகியிருந்த மம்பட்டியை உருவி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடிவரும் தண்ணீருக்கு எதிரே வந்து நின்றிருந்தாள். வழி வெட்டிவிடவா, வரப்பு அணைத்துத் தடுக்கவா என்று அந்த முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

தமிழ்வாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினாள். அதே நேரத்தில் அவளுக்குப் பின்னால் மம்பட்டி சேற்றில் இறங்கியது.